ஹான்லே வானமும் நெல்லை வானமும்: தொலைநோக்கியை ஏன் வறண்ட மலையில் கொண்டுபோய் வைக்கிறார்கள்?

லடாக்கில் ஹான்லே என்றொரு கிராமம். அதன் அருகே, கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் நிற்கிறது. அங்குள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியின் கண்ணாடி 2 மீட்டர் அகலம். 2000 செப்டம்பரில் அது முதன்முதலாக நட்சத்திர ஒளியைப் பிடித்தது. சுற்றிலும் மரம் கிடையாது, மழை பேருக்குத்தான், குளிர்காலத்தில் உறைநிலைக்கும் கீழே 20, 25 டிகிரி இறங்கும். மனிதர் மூச்சுவிடவே சிரமப்படும் இடத்தில் இவ்வளவு விலையுயர்ந்த கருவியை எதற்காகக் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள நெல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹான்லே கிழக்குத் தீர்க்கரேகை 79 டிகிரியில் இருக்கிறது, திருநெல்வேலி 77.7 டிகிரியில். ஏறக்குறைய ஒரே கோடு. ஒரு நட்சத்திரம் ஹான்லேயில் உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கற்பனைக் கோடு) கடந்த 5 நிமிடத்தில் நம் ஊரிலும் கடந்துவிடும். வித்தியாசமெல்லாம் வடக்கு தெற்கில்தான்: ஹான்லே அட்சரேகை 32.8, நாம் 8.7. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் தெரியும் வானம் ஒன்றேதான், 24 டிகிரி சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உயரமும் வறட்சியும் என்ன வேலை செய்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஓரம் கட்டிவிடலாம். மலை ஏறினால் நட்சத்திரம் கிட்டத்தில் வருவதில்லை. சூரியனை விட்டால் அடுத்த நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதில் நான்கரை கிலோமீட்டர் எந்த மூலைக்கு? மலை ஏறுவது காற்றைக் கீழே விட்டுவிட்டுப் போகத்தான். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதம்கூட இல்லை. அதாவது வளிமண்டலத்தின் 40 சதவீதத்துக்கும் மேல் உங்கள் காலுக்குக் கீழே கிடக்கிறது. நீராவிக் கணக்கு இன்னும் சாதகம். நீராவியில் பெரும்பகுதி தரையை ஒட்டிய இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் கொட்டினால், ஹான்லேயில் பல இரவுகளில் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம் கடற்கரைப் பக்கம் அதே கணக்கு சென்டிமீட்டரில் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை நீராவி அதிகம் தின்பதில்லை, ஆனால் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அகச்சிவப்பில் வேலை செய்கிறவர்கள் பாலைவன மலைகளைத் தேடி ஓடுவது இதனால்தான்.

துருவ நட்சத்திரம் நமக்கு ஏன் தெரிவதில்லை

நெல்லையில் பிறந்து வளர்ந்தவர்களில் துருவ நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை.

நட்சத்திரத்தின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் மங்கல். ஓர் எண் கூடினால் ஒளி இரண்டரை மடங்கு குறைவு. இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும். துருவ நட்சத்திரம் 2, நல்ல வெளிச்சமானதுதான். ஆனால் நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. கையை முழுசாக நீட்டி ஒரு முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் 10 டிகிரி. துருவம் அந்த முஷ்டிக்குள் மறைந்துவிடும்.

தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது கண் துளைத்துப் போகும் காற்றின் தடிமனை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை 30 டிகிரிக்கு இறங்கினால் அது 2 ஆகிறது. 20 டிகிரியில் கிட்டத்தட்ட 3, 10 டிகிரியில் ஐந்தரை, துருவம் நிற்கும் உயரத்தில் 6. நம் சமவெளியில் சுமாரான இரவில் ஒரு தடிமனுக்கு 0.3 பொலிவெண் போய்விடும் என்று வைத்தால், துருவத்துக்கு மட்டும் 1.8 இழப்பு. 2 ஆக இருந்தது 4-ஐ நெருங்கிவிடும். அதற்கு மேல் புழுதியும் கடல் ஈரமும் கலந்த இரவென்றால் கேட்கவே வேண்டாம். தெருவிளக்கு வெளிச்சத்தில் 4-ஆம் எண் நட்சத்திரம் தேடினாலும் கிடைக்காது. ஹான்லேயில் அதே துருவம் 33 டிகிரி உயரத்தில், வறண்ட காற்றில் நிற்கிறது. அங்கே இழப்பு கால் எண்தான்.

இந்த ஒரு கணக்கு பிடிபட்டாலே வானம் பார்ப்பதில் பாதி விஷயம் கைவந்துவிடும்: எதையும் அது மிக உயரத்தில் இருக்கும் நேரத்தில் பாருங்கள். ஆய்வகங்களிலும், வேறு வழியில்லாத வேலையைத் தவிர, 30 டிகிரிக்குக் கீழே தொலைநோக்கியைத் திருப்பமாட்டார்கள்.

காற்று துடிக்கும் கதை

இரண்டாவது தடை, தொலைநோக்கி வாங்கியவர்களை அதிகம் ஏமாற்றுவது. சித்திரை வெயிலில் நான்குநேரி பக்கம் நாற்கர சாலையில் போகும்போது தூரத்தில் தார் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் அந்த நெளிவு. இரவில் நட்சத்திரம் மினுக்குவதற்கும் அதே காரணம்தான். வானியல்காரர்கள் இதன் அளவைச் ‘சீயிங்’ என்பார்கள். ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு விகலை. வியாழன் கோள் தொலைநோக்கியில் 40 விகலை சொச்சம் அகலமாகத் தெரியும். ஹான்லேயில் நல்ல இரவில் நட்சத்திரப் புள்ளி ஒரு விகலை அளவுக்கே பரவும். சமவெளியில் 2 முதல் 4 விகலை சாதாரணம்.

100 மில்லிமீட்டர் அகல வில்லையோ கண்ணாடியோ கொண்ட தொலைநோக்கி, கொள்கைப்படி, 1.2 விகலை இடைவெளியைப் பிரித்துக் காட்ட வல்லது. காற்று 3 விகலைக்குத் துடித்தால் அந்தத் திறமை வீண். 300 மடங்கு, 400 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்து விற்பதை நம்பி வாங்குகிறவர்கள் கடைசியில் பார்ப்பது பெரிதாக்கிய கலங்கலைத்தான். நம் பக்கம் பெரும்பாலான இரவுகளில் 150 மடங்குக்கு மேல் போவதில் பலனில்லை.

காற்று எங்கே துடிக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஐபீஸில் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை) கொண்டுவந்து, ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பிக் கெடுங்கள். புள்ளி ஒரு வட்டத் தட்டாக விரியும். அந்தத் தட்டின் குறுக்கே ஒரே திசையில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி கோடுகள் ஓடினால் அது மேல் வளிமண்டலக் காற்று. ஒன்றும் செய்ய முடியாது. தட்டின் ஓரத்திலிருந்து புகை எழும்புவது போல மெல்ல நெளிந்தால் சூடு தொலைநோக்கிக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. 200 மில்லிமீட்டர் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், பொறுக்க வேண்டும். தட்டு முழுவதும் கொதிக்கிற மாதிரி குமுறினால் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தின் சூடு. கான்கிரீட் மொட்டைமாடி பகல் வெயிலை நடுச்சாமம் வரை கக்கிக்கொண்டே இருக்கும். திறந்த மண் தரை அதைவிட எவ்வளவோ மேல். காய்ந்த மணல் சீக்கிரம் சூடாறிவிடும்.

தனித்து நிற்கும் மலையுச்சிக்குத் தரையோரக் கொந்தளிப்பு எட்டுவதில்லை. காற்று சீராக வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால் நமக்குப் பக்கத்திலேயே பொதிகை 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, மாஞ்சோலை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே உயரம் உண்டு, வறட்சி இல்லை. அரபிக்கடல் ஈரம் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. தாமிரபரணி ஓடுவதற்குக் காரணமான அதே விஷயம்தான் அங்கே வானாய்வகம் வைக்கத் தடை. புலிகள் காப்பகம் என்பதால் இரவில் தங்கி வானம் பார்க்கிற பேச்சும் இல்லை. ஹான்லேக்கு வரும் பருவமழையை இமயமலை வழியிலேயே பிழிந்துவிடுகிறது. சிலி நாட்டின் அட்டகாமாவில் குளிர்ந்த கடல் நீரோட்டம் மேகத்தைத் தாழ்வாக அமுக்கி வைக்க, 2,635 மீட்டரில் உள்ள பரனால் ஆய்வகம் அதற்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன.

நெல்லைச் சமவெளியும் ஒருவகையில் மழை மறைவுப் பிரதேசம்தான். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்க, கயத்தாறு பக்கம் வெயில் காயும். ஆனாலும் அந்த மாதங்கள் உதவாது. கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைக்கு லாபம்; ட்ரைபாடுக்கு நஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். மிஞ்சுவது தை முதல் சித்திரை வரை. அதில் மாசி, பங்குனி சிறப்பு.

வெளிச்சமும் கண்ணும்

ஒளி மாசு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே. ஹான்லே சுற்றுவட்டாரம் 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஜன்னலுக்குத் திரை, விளக்குக்கு மூடி என்று ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருப்பதால், வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது ஒரு பிழைப்பாகவும் ஆகியிருக்கிறது. 2 மீட்டர் தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் ஐபீஸுக்குப் பதில் கேமரா இருக்கிறது. இயக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பதோ பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில், செயற்கைக்கோள் இணைப்பின் வழியே.

கண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை. இருட்டில் பார்க்கும் விழித்திரைச் செல்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். 4,000 மீட்டருக்கு மேலே ஆக்சிஜன் குறைவதால் கண்ணின் இரவுப் பார்வை மங்குகிறது. ஹவாயில் மௌனா கியா மலையுச்சி 4,205 மீட்டர். அங்கே ஏறிப்போகிறவர்களுக்கு, 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்திலிருந்து தெரிந்த அளவு நட்சத்திரம் உச்சியில் தெரியாமல் போவதுண்டு. மலையுச்சி கருவிக்கு ஏற்ற இடம், வெறுங்கண்ணுக்கு அல்ல.

ஆய்வகத்தில் ஓர் இரவு எப்படிப் போகும்

வேலை பொழுது சாயும் முன்பே தொடங்கிவிடும். கண்ணாடியும் கட்டடமும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரட்டும் என்று கூரையைத் திறந்து விடுவார்கள். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே வெறும் வானத்தைச் சில படங்கள் எடுப்பார்கள். சென்சாரின் எந்த மூலை மங்கல், எங்கே தூசி என்று அதில் பதிந்துவிடும். பிறகு இரவில் எடுக்கும் படத்தை அதனால் வகுத்துச் சரிசெய்யலாம். அடுத்து ஃபோகஸ். வெப்பம் இறங்க இறங்கக் குழாய் சுருங்குவதால் இதை இரவில் பலமுறை திருத்த வேண்டியிருக்கும். பொலிவெண் துல்லியமாகத் தெரிந்த சில நட்சத்திரங்களை வெவ்வேறு உயரங்களில் அளந்து, அன்றைய காற்று எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்று கணக்கெடுப்பார்கள். காற்று வேகம், ஈரப்பதம், மேகம் மூன்றும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் எவ்வளவு அருமையான வானமாக இருந்தாலும் கூரை மூடப்படும். கண்ணாடியின் அலுமினியப் பூச்சில் ஈரம் படிந்து, அதோடு தூசியும் ஒட்டினால், சேதம் ஓர் இரவோடு போகாது.

முழு இருட்டு என்பது சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கிய பிறகுதான். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் ஒண்ணேகால் மணி நேரத்தில் அது வந்துவிடும். ஹான்லேயில் கோடைக்காலத்தில் இன்னும் 25 நிமிடம் போலக் கூடக் காத்திருக்க வேண்டும்.

நம் பக்கம் செய்து பார்க்க

இடத்தைப் பொறுத்தவரை, திசையன்விளை, இட்டமொழி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியோரங்கள் நல்ல தேர்வு. செம்மணல், பனையும் வடலியும், ஆள் நடமாட்டம் குறைவு. தேரியில் சில பகுதிகள் வனத்துறைக்குச் சொந்தம். அதற்குள் போகாமல், ஓரத்துப் பட்டா நிலத்தில் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். முழங்கால் வரை பூட்ஸும் கையில் டார்ச்சும் கட்டாயம். விரியன் நடமாடும் மணல் அது. அந்த வாரம் ஊரில் கோவில் கொடை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கொடை நடந்தால் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் சேர்ந்து வானத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடும். தெற்கே வெளிச்சமில்லாத இடமாகப் பார்ப்பது முக்கியம். காரணம் பின்னால் வருகிறது. நாள், அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாள்.

கருவி என்றால் முதலில் 10x50 பைனாகுலர் போதும். இருட்டில் விரிந்த கண்மணி 7 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் வில்லை அதைப் போல 51 மடங்கு ஒளி சேர்க்கும். கையில் பிடித்தால் நடுங்கும் என்பதால் சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். போனை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் இருந்தால்தான் கண் பழகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலபன் தாளை நாலைந்து மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். மங்கலான பொருளை நேராக முறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் பளிச்சென்று எழும்பும். இருட்டில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை.

வானம் எப்படி என்று அளக்கக் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுங்கள். தை, மாசியில் முன்னிரவில் அது ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடும். வெறுங்கண்ணுக்கு நாலு தெரிந்தால் சுமார், ஆறு என்றால் நல்ல வானம், எட்டுக்கு மேல் எண்ண முடிந்தால் அன்று தூங்கப் போகாதீர்கள்.

நம் பக்கத்துப் பெரிய எதிரி பனி. மார்கழி, தையில் நடுச்சாமத்துக்கு மேல் வில்லை பூத்துப்போகும். ஹான்லேயில் காற்று காய்ந்து கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இங்கே தப்பவே முடியாது. கறுப்பு சார்ட் தாளைச் சுருட்டிக் குழாயின் முனையில், குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நீட்டிவிட்டால் இரண்டு மணி நேரம் கூடக் கிடைக்கும். பூத்துவிட்ட வில்லையைத் துண்டால் துடைப்பதுதான் மிக மோசமான காரியம். செம்மணல் துகள் பூச்சைக் கீறிவிடும். மிதமான சூட்டில் ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடியுங்கள், அல்லது மூடி வைத்துக் காத்திருங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கருவியை நேரே வெளியே கொண்டுவருவதும் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் அந்த நிமிடமே ஈரம் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

ஹான்லேக்கு இல்லாதது

இனித் தெற்கு. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானம் ஏறக்குறைய முழுவதும் நமக்குத் தெரியும். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரமே உள்ள காவலூரை ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் இது ஒரு காரணம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே 1986 முதல் இருக்கிறது. ஹான்லேயில் வறட்சி உண்டு, தெற்கு இல்லை. காவலூரில் தெற்கு உண்டு, வறட்சி இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அட்டகாமாவில்தான்.

அகத்தியர் விண்மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு நமக்குத் தெற்கே 29 டிகிரி உயரத்தில் வெள்ளையாக எரியும். பொதிகை முனிவர் பேர் கொண்ட அந்த நட்சத்திரம் ஹான்லேயில் நாலரை டிகிரிக்கு மேல் எழும்புவதே இல்லை. சுற்றியுள்ள மலைமுகடு மறைத்துவிடும் உயரம். தெற்குச் சிலுவை ஏப்ரல் நடுவில் இரவு 11 மணி வாக்கில் இங்கே 21 டிகிரியில் நேராக நிற்கும். ஹான்லேயில் அது அடிவானத்துக்குக் கீழே. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதன் மேல் இடது பக்கம், 34 டிகிரி உயரத்தில், ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரத் திரள் உச்சிக்கோட்டுக்கு வரும். பல லட்சம் நட்சத்திரங்கள் கூடிய உருண்டை. பைனாகுலரில், ஓரம் கரைந்த, வட்டமான வெளிறிய திட்டு. 200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 100 மடங்குக்குப் போனால் அந்தத் திட்டின் ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் பிரியத் தொடங்கும். நடுப்பகுதி பிரிகிறதா இல்லையா என்பதை அன்றைய சீயிங்தான் தீர்மானிக்கும். தூங்காமல் விடியற்காலை நாலரை வரை இருப்பவர்களுக்குப் பால்வீதியின் மையப்பகுதி 52 டிகிரி உயரத்தில் கிடைக்கும். ஹான்லேயில் அதற்கு 28 தான்.

ஆக, நெல்லைக்காரர் ஹான்லேக்குப் போனால் வடக்கையும் மங்கலானவற்றையும் பார்த்துவர வேண்டும், தெற்கை ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம். போகிறவர்கள் 3,500 மீட்டரில் உள்ள லே நகரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டே மேலே ஏற வேண்டும். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்துவிட்டால் வானம் பார்க்கிற ஆசையை விட்டுவிட்டுக் கீழே இறங்குவதுதான் மருந்து. கேமரா பேட்டரி குளிரில் பாதி நேரம்கூட ஓடாது. மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். ஐபீஸ் மேல் மூச்சு விடாதீர்கள், அந்த ஈரம் அப்படியே உறைந்துவிடும்.